மதிப்பெண்ணுக்குக் கீழே ஒரு வரி

இணையவழியில் முதுகலைப் பாடம் நடத்தும் பேராசிரியப் பெருமக்களுக்கு,

தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். பள்ளி விட்டு வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் மாணவி. எம்.ஏ. கல்வியியலில் இரண்டு பருவங்களை முடித்து மூன்றாவதில் இருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று இங்கே எழுதவில்லை. வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் இதேபோல் இணையவழியில் படிக்கும் ஆசிரியர்கள் சிலரிடம் பேசிப் பார்த்தேன். நான் சொல்ல நினைப்பதையே அவர்களும் சொன்னார்கள். அதனால் இதை உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

கட்டணம் பற்றியோ, அடிக்கடி உறைந்துபோகும் இணையதளம் பற்றியோ குறை சொல்ல வரவில்லை. அவற்றுக்கு உதவி மையம் இருக்கிறது. உங்களிடம் கேட்க ஒன்றுதான் உண்டு. நாங்கள் அனுப்பும் அசைன்மென்ட்டைப் படித்துவிட்டு, மதிப்பெண்ணுக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள்.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிய விஷயமாகப் படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

“எதுக்கு டீச்சர் இப்போ படிக்கிறீங்க?” என்று பள்ளியிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முன்பெல்லாம் ஆசிரியர் உயர்கல்வித் தகுதி பெற்றால் ஊக்க ஊதிய உயர்வு கிடைக்கும். எங்களுக்கு மூத்த தலைமுறை ஆசிரியர்கள் அஞ்சல்வழியில் எம்.ஏ., எம்.எட். என்று படித்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் தமிழக அரசு அந்த ஊதிய உயர்வை நிறுத்திவிட்டது. அதே மார்ச்சில்தான் பள்ளிகளும் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மறுபடி கதவு திறந்தது. நான்காம் வகுப்பில் நாங்கள் விட்ட பிள்ளை, ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. ‘ஒளிச்சேர்க்கை’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் அதற்கு மறந்துபோயிருக்கும். அறிவியலை நான் எந்த வழியில் கொண்டுபோவது?

இந்த இழப்பை ஈடுகட்ட, எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் மாலையில் வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் செய்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனாலும் என் வகுப்பில் சில பிள்ளைகள் அந்த எழுத்துக்கூட்டும் இடத்திலேயே நின்றுவிட்டார்கள். ஏன் நின்றார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பி.எட். படித்தபோது மனப்பாடம் செய்த உளவியல் அதற்குப் போதவில்லை. படிக்கலாம் என்று முடிவு செய்தேன். துறையின் முன் அனுமதிக்கு விண்ணப்பித்தேன், கிடைத்தது, சேர்ந்தேன்.

இணையவழிக் கல்வி என்று ஒன்று இல்லாவிட்டால் இந்த முடிவு வெறும் முடிவாகவே நின்றிருக்கும். அரூரிலிருந்து சேலம் போய் வந்தாலே ஒரு நாளின் பாதி போய்விடும். வேலையை விட முடியாது. வீட்டில் மாமியாருக்கு உடல்நலமில்லை, பையன் பத்தாம் வகுப்பு. இரவு சமையலறையில் வேலை முடித்துவிட்டு, உங்கள் காணொளிப் பாடத்தை நிறுத்தி நிறுத்தி, புரியாத இடத்தைத் திரும்பக் கேட்டுப் படிக்கிறேன். நேர் வகுப்பில் ஒரு பேராசிரியரைப் பார்த்து “இதை மறுபடி சொல்லுங்க” என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்? எங்கள் மாணவர் தொகுதியில் தனியார் பள்ளி ஆசிரியைகள், ஓர் அங்கன்வாடிப் பணியாளர், துபாயில் இருந்துகொண்டு கைக்குழந்தையோடு படிக்கும் ஒரு பெண், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த ஒருவர் எல்லோரும் இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்குப் பல்கலைக்கழக வாசல் வேறு எந்த வழியிலும் திறந்திருக்காது. இதை நான் நன்றியோடு சொல்கிறேன்.

“இதெல்லாம் செல்லுமா?” என்று உறவினர்கள் கேட்டபோது தைரியமாகப் பதில் சொன்னேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் இணையவழிப் பட்டம் நேர்முறைப் பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் குழு அதை மறுபடியும் அறிவித்தது. சட்டத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கவலையெல்லாம், நான் எழுதியதை ஒருவராவது படித்தார்களா என்பதுதான்.

இணையவழிப் பாடத்துக்கு நான்கு அங்கங்கள் வகுத்திருக்கிறார்கள்: காணொளிப் பாடம், வாசிப்புப் பாடம், கலந்துரையாடல், தன்மதிப்பீடு. இதில் காணொளியும் வாசிப்பும் தன்மதிப்பீடும் ஒருமுறை செய்து ஏற்றிவிட்டால் ஆண்டுக்கணக்கில் தானாக ஓடும். ஆசிரியர் ஒருவர் உயிரோடு இருந்தாக வேண்டிய இடம் கலந்துரையாடல் மட்டும்தான். அங்கே நாங்கள் வாராவாரம் எழுதுகிறோம். நான் ஒரு கேள்வி போட்டால் என் தோழி “அருமையான கேள்வி” என்று எழுதுவார். அவர் போட்டால் நான் எழுதுவேன். பங்கேற்பு கணக்கில் ஏறிவிடும். கேள்வி அப்படியே நிற்கும்.

முதல் பருவத்தில் வளர்ச்சி உளவியல் பாடத்துக்கு ஒரு அசைன்மென்ட் எழுதினேன். வாசிப்புத் தடுமாற்றம் பற்றிய கட்டுரை. பாட நூலிலிருந்து எடுத்து எழுதினாலே போதும் என்று கூடப் படிப்பவர்கள் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் சேர்ந்ததே இதற்காகத்தானே? என் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலிருந்து ஒரே பத்தியைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் வாசிக்கிறார்கள், எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். மெய்யெழுத்து இரட்டிக்கும் இடத்தில் நிற்கும் பிள்ளைகள் ஒரு வகை. எழுத்தெல்லாம் சரியாகச் சொல்லி, சொல்லைச் சேர்க்க முடியாமல் நிற்பவர்கள் இன்னொரு வகை. வேகமாக வாசித்துவிட்டு ‘என்ன படிச்ச?’ என்று கேட்டால் விழிப்பவர்கள் மூன்றாவது. இந்த மூன்றாவது வகையை அதுவரை நான் ‘நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்’ கணக்கில்தான் வைத்திருந்தேன். இதையெல்லாம் அட்டவணை போட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.

சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. 30க்கு 24. அதன் பக்கத்தில், பிறர் எழுத்தோடு ஒற்றுமை 7 விழுக்காடு என்று மென்பொருள் தந்த அறிக்கை. அவ்வளவுதான்.

24 குறைந்த மதிப்பெண் இல்லை. அந்த ஆறு எங்கே போனது என்றுதான் தெரிந்துகொள்ள விரும்பினேன். பிள்ளைகளை வகைப்படுத்திய விதம் தவறா? அட்டவணை தெளிவாக இல்லையா? கோட்பாட்டை எங்காவது பிசகாகப் புரிந்துகொண்டேனா? மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். ‘மதிப்பீடு விதிமுறைகளின்படி செய்யப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது. என் கட்டுரையை முழுதாகப் படித்தது அந்த ஒற்றுமை பார்க்கும் மென்பொருள் மட்டும்தானோ என்ற எண்ணம் அன்றிரவு வந்தது. அதை இன்னும் என்னால் விலக்க முடியவில்லை.

பருவத் தேர்வில் நிலைமை நேர் எதிர். தேர்வு தொடங்கும் முன் கேமராவைத் தூக்கி அறையின் நான்கு சுவரையும் காட்ட வேண்டும், மேசைக்கு அடியிலும் காட்ட வேண்டும். பார்வை திரையை விட்டு நகர்ந்தால் எச்சரிக்கை. பக்கத்து அறையில் குரல் கேட்டால் எச்சரிக்கை. யோசிக்கும்போது தலை குனிவது எனக்குப் பழக்கம்; அதற்கும் எச்சரிக்கை. தேர்வில் நேர்மை வேண்டும், கண்காணிப்பு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. நான் ஏமாற்றுகிறேனா என்று பார்க்க இத்தனை கண்கள் இருக்கும்போது, நான் கற்றுக்கொண்டேனா என்று பார்க்க ஒரு கண்ணாவது வேண்டாமா?

தொலைவிலிருந்து கற்பிப்பது இப்படித்தான் இருக்க முடியும் என்று சொல்லிவிட முடியாது. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி தபால்தலை வந்தது. நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே கட்டணம். அதைப் பயன்படுத்தி ஐசக் பிட்மன் தன் சுருக்கெழுத்தைத் தபாலில் கற்பித்தார். படிப்பவர்கள் விவிலியத்திலிருந்து ஒரு பகுதியைச் சுருக்கெழுத்தில் எழுதி அவருக்கு அனுப்புவார்கள். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். தொலைநிலைக் கல்வியின் வரலாற்றை எழுதுபவர்கள் பலரும் இவரிடமிருந்து தொடங்குகிறார்கள். பாடத்தை அச்சடித்து விற்பது அதற்கு முன்பும் இருந்ததுதான். பிட்மனிடம் புதிதாக இருந்தது, திருத்திய தாள் மாணவரின் கைக்குத் திரும்பி வந்தது.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1969இல் சாசனம் பெற்று 1971 ஜனவரியில் பாடம் தொடங்கியது. பிபிசி தொலைக்காட்சியில் பாடம் நடத்திய பல்கலைக்கழகம் என்றுதான் வெளியே பெயர். அதன் உண்மையான பலம் வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு டியூட்டர். மாணவர் எழுதியதை டியூட்டர் படித்து, பக்க ஓரத்தில் குறிப்பெழுதி, தனித்தாளில் கருத்தும் எழுதி அனுப்புவார். டியூட்டர்கள் எழுதும் குறிப்பு உதவும்படி இருக்கிறதா என்று மாதிரிக்குச் சில தாள்களை எடுத்துப் பார்க்கும் ஏற்பாடும் உண்டு. 1985இல் நம் நாட்டில் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தபோது ‘டியூட்டர் மார்க்டு அசைன்மென்ட்’ என்ற முறையைப் பெயரோடு எடுத்துக்கொண்டது. அசைன்மென்ட் என்பது மதிப்பெண் போடும் சாதனம் மட்டும் இல்லை, அது பாடம் நடத்தும் ஒரு வழி என்பது இந்த நிறுவனங்களின் அடிப்படை.

இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். கல்வியாளர் மைக்கேல் மூரின் கருத்தை இரண்டாம் பருவத்தில் படித்தேன். தொலைநிலைக் கல்வியில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே உள்ள தொலைவைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது என்கிறார். பாடத்தின் கட்டமைப்பு இறுகி உரையாடல் குறையக் குறைய அந்தத் தொலைவு கூடும். உரையாடல் கூடினால் குறையும். படித்தபோது பென்சிலால் கோடு போட்டேன். என் அப்பாவும் ஆசிரியர், எண்பதுகளில் அஞ்சல்வழியில் எம்.ஏ. படித்தவர். கோடை விடுமுறையில் தொடர்பு வகுப்புக்குப் போவார். பத்து நாள் வகுப்புதான். அந்தப் பத்து நாளில் தேநீர்க் கடையில் நின்று தீர்த்துக்கொண்ட சந்தேகங்களைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார். தினமும் திரையில் உங்கள் முகத்தைப் பார்க்கும் எனக்கு அப்படிச் சொல்ல ஒன்று இல்லை. மூர் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

கல்வி உளவியலாளர் ரூத் பட்லரின் 1988ஆம் ஆண்டு ஆய்வும் எங்கள் மதிப்பீட்டுப் பாடத்தில் வந்தது. இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும். இன்னொன்றுக்குக் கருத்துரை மட்டும். மூன்றாவதற்கு இரண்டும் சேர்த்து. கருத்துரை மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள், ஆர்வமும் கூடியது. மதிப்பெண் மட்டும் பெற்றவர்களிடம் அது நடக்கவில்லை. இரண்டையும் பெற்றவர்களிடமும் நடக்கவில்லை. மதிப்பெண் கண்ணில் பட்டதும் கருத்துரை காதில் விழாமல் போய்விடுகிறது. பத்து ஆண்டுகள் கழித்து 1998இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் நூற்றுக்கணக்கான ஆய்வுகளை அலசிச் சொன்னதும் இதை ஒட்டியதுதான்: கற்றுக்கொண்டிருக்கும்போதே மாணவருக்குத் திரும்பிவரும் கருத்துதான் கற்றலை உயர்த்துகிறது. தமிழ்நாட்டில் 2012இல் முப்பருவ முறையோடு வந்த வளரறி மதிப்பீட்டுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. நாங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 40 மதிப்பெண்ணுக்கு வளரறி மதிப்பீடு செய்கிறோம். ஒவ்வொரு செயல்பாட்டிலும் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பதிய வேண்டும். அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்.

தேர்வில் பிளாக், வில்லியம் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி, ஆண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் நான்கு விடைக் கேள்வி. சரியாகத்தான் எழுதினேன். அந்த நிமிடம் மனம் வலித்தது.

உங்கள் சுமை எனக்குத் தெரியாமல் இல்லை. இணையவழிப் படிப்பில் 250 மாணவர் கொண்ட தொகுதிக்கு ஒரு பாட வழிகாட்டி என்பது ஒழுங்குமுறையில் உள்ள அளவு. கல்வி உரிமைச் சட்டம் எங்களுக்குத் தொடக்க வகுப்பில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், நடுநிலையில் 35க்கு ஒருவர் என்கிறது. வளர்ந்தவர்களுக்கு அத்தனை கவனம் தேவைப்படாது என்பது சரி. ஆனால் 250 கட்டுரைகளை, ஒவ்வொன்றும் பத்துப் பக்கம், ஒரு மனிதர் எப்படிப் படிப்பார்? உங்களில் பலர் ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறீர்கள் என்பதையும், நேர் வகுப்பு முடித்த பிறகு இதைக் கூடுதல் வேலையாகப் பார்க்கிறீர்கள் என்பதையும் அறிவேன். தேசிய தர மதிப்பீட்டுக் குழுவின் (நாக்) மதிப்பீட்டுக்கான கோப்புகள் ஒரு பக்கம் இருக்கும். எங்களுக்கு எமிஸ் தளத்தில் பள்ளித் தரவுப் பதிவேற்றம் போல உங்களுக்கும் ஏதாவது ஒரு பதிவேற்றம் இருக்கும். உங்களைச் சோம்பேறிகள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. படிக்க முடியாத எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டு மதிப்பெண்ணை மட்டும் தேதிக்குள் கேட்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு எதிராக நீங்கள் பேச வேண்டும், எங்களையும் சேர்த்துக்கொண்டு பேச வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஒரு வரியால் என்ன ஆகும் என்று கேட்கலாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாம் பருவத்தில், முதல் கட்டுரையைத் தொடர்ந்து இன்னொரு கட்டுரை எழுதினேன். எழுத்தைச் சரியாகச் சொல்லியும் சொல்லைச் சேர்க்க முடியாத பிள்ளைகளைப் பற்றி மட்டும். அதில் ஒரு பையனைக் குறித்து விரிவாக எழுதியிருந்தேன். கணக்கில் கெட்டி, கேள்விக்கு வாயால் பதில் சொல்லச் சொன்னால் தயங்குவான், வாசிக்கச் சொன்னால் வியர்க்கும். இந்த முறை முடிவோடு ஒரு கோப்பு வந்தது. திறந்தால் என் கட்டுரையின் நான்காம் பக்கத்தில், அந்தப் பையனைப் பற்றிய பத்திக்கு ஓரத்தில், தமிழில் இரண்டு வரி. ‘இந்தக் குழந்தை வீட்டில் பேசும் மொழி எது? பள்ளிக்கு வரும் முன் தமிழை எவ்வளவு கேட்டிருக்கும்?’

யார் எழுதியது என்று தெரியாது. மதிப்பீட்டாளர் எண் மட்டும் இருந்தது. அந்த எண்ணுக்குரியவர் இதைப் படிக்க நேர்ந்தால், அவருக்கு என் வணக்கம்.

எங்கள் மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. வெளியே எல்லோரும் சரளமாகத் தமிழ் பேசுவதால் பள்ளியில் யாரும் இதைத் தனியாகக் கேட்பதில்லை. அந்தப் பையனின் பெற்றோர் ஓசூர், பெங்களூரு என்று கட்டட வேலைக்குப் போகிறவர்கள். பாட்டியிடம் வளர்கிறான். பாட்டி பேசுவது தெலுங்கு. பள்ளி மூடியிருந்த அந்த ஒன்றரை ஆண்டும் அவன் காதில் விழுந்தது பாட்டியின் தெலுங்குதான், அச்சிட்ட தமிழ் அவன் பக்கத்தில்கூட வரவில்லை. அவன் எழுத்தை அறிந்திருந்தான். எழுத்துகள் சேர்ந்து எந்தச் சொல்லாகும் என்று முன்கூட்டி ஊகிக்க, அந்தச் சொல் அவன் காதில் ஏற்கெனவே இருக்க வேண்டும். ‘வைக்கோல்’ அவனுக்குத் தெரியும். ‘அறுவடை’ தெரியாது. தடுக்கிய இடங்களையெல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, கேட்டறியாத சொற்கள் வரும் இடங்களிலேயே பெரும்பாலும் நின்றிருந்தான்.

அதன் பிறகு அவனோடு செய்வதை மாற்றினேன். பாடத்தை வாசிப்பதற்கு முன் அதில் வரும் சொற்களை வைத்துப் பேசுவோம். பாட்டி சொன்ன கதையைத் தெலுங்கில் சொல்லச் சொல்வேன். வகுப்பில் தெலுங்கு தெரிந்த பிள்ளைகள் தமிழில் எடுத்துக் கொடுப்பார்கள். அதைக் கரும்பலகையில் எழுதுவோம். பிறகு அவன் வாசிப்பான். தன் கதை என்பதால் சொல் அவனுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். ஆனால் வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் அவனுக்கு நினைவிருக்கிறது. எழுந்து நிற்கும்போது வியர்ப்பதில்லை.

இவ்வளவும் இரண்டு வரியால் வந்தது. நான் பார்த்த காணொளிகள், படித்த அலகுகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு என்னைத் தயார்செய்தன என்பது உண்மை. அந்தக் கேள்வியைக் கேட்க, நான் எழுதியதைப் படித்த ஒரு மனிதர் வேண்டியிருந்தது.

இப்போது இன்னொரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. எங்கள் தொகுதியில் அசைன்மென்ட்டை அதில் எழுதி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை. பகல் முழுக்க வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, இரவில் குழந்தை என்று ஓடும் ஒரு பெண் என்னிடம் சொன்னார்: “யாரும் படிக்கப் போறதில்லையே அக்கா, எதுக்கு ராத்திரி கண்ணு முழிக்கணும்?” என்னிடம் பதில் இல்லை. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்க இன்னொரு இயந்திரத்தை வாங்குவதைவிட, அந்தப் பெண்ணின் கட்டுரையை ஒருவர் படிப்பார் என்ற நம்பிக்கையை அவருக்குக் கொடுப்பது நல்லது என்று நினைக்கிறேன். அவர் நல்ல ஆசிரியை. அவருடைய வகுப்பைப் பற்றி அவருக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் ஏராளம். யாராவது கேட்டால் எழுதுவார்.

செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நீங்கள் என்னைவிட நன்றாக யோசிப்பீர்கள்.

ஒரு பாடத்துக்கு இரண்டு, மூன்று அசைன்மென்ட் கேட்க வேண்டாம், ஒன்று போதும். அந்த ஒன்றைப் படியுங்கள். தட்டச்சு செய்ய நேரமில்லை என்றால் ஒரு நிமிடக் குரல் பதிவு போதும். ஆசிரியரின் குரலுக்கு எழுத்தைவிட நெருக்கம் அதிகம். முனைவர் பட்ட ஆய்வாளர்களை, ஓய்வுபெற்ற பேராசிரியர்களை, ஏற்கெனவே இதே பட்டம் முடித்த பள்ளி ஆசிரியர்களை உரிய ஊதியம் கொடுத்துத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் அப்படித்தானே நடத்தின? பட்லரின் ஆய்வை மனதில் வைத்துக் கருத்துரையை முதலில் அனுப்பி, மதிப்பெண்ணை ஒரு வாரம் தள்ளி அனுப்பிப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதித் திணறுபவர்களைத் தமிழில் எழுத விடுங்கள். என் பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்பதைத் தமிழில் எழுதியிருந்தால் இன்னும் துல்லியமாக எழுதியிருப்பேன். கட்டுரை படிக்கும் நேரத்தை உங்கள் பணிநேரத்தில் கற்பித்தல் என்றே கணக்கில் சேர்க்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். மாணவர்களின் கையெழுத்து வேண்டும் என்றால் எங்கள் தொகுதியில் எல்லோரிடமும் வாங்கித் தருகிறேன். வாட்ஸாப் குழுவில் ஒரு மாலைப் பொழுது போதும்.

மூன்றாம் பருவத்தின் ஆய்வு முறையியல் அசைன்மென்ட்டை அடுத்த வாரம் பதிவேற்றுகிறேன். கடைசிப் பக்கத்தில், விதிமுறையில் இல்லாத ஒரு பகுதியைச் சேர்த்திருக்கிறேன். இரண்டு கேள்விகள். புணர்ந்து நீளும் தமிழ்ச் சொற்களை, தெலுங்கு வீட்டுமொழிப் பிள்ளைகளுக்கு எந்த இடத்தில் பிரித்துக் கொடுப்பது, எப்போது பிரிப்பதை நிறுத்துவது என்பது ஒன்று. வேகமாக வாசித்தும் பொருள் பிடிபடாத அந்த மூன்றாவது வகைப் பிள்ளைகளை அறிய, ஒரு நிமிட வாசிப்பைவிட நல்ல சோதனை தமிழில் யாராவது செய்திருக்கிறார்களா என்பது மற்றொன்று. இவற்றுக்கு மதிப்பெண் வேண்டாம். விடை உங்களுக்கும் தெரியாது என்றால், யாரைக் கேட்கலாம், எதைப் படிக்கலாம் என்று எழுதினாலும் போதும். காலாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் திரும்பி வருவதற்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

அன்போடும் மரியாதையோடும்,
உங்கள் மாணவி,
அறிவியல் பட்டதாரி ஆசிரியர்,
அரூர் வட்டம், தர்மபுரி மாவட்டம்